ஏவுதற் கருத்தா: வேலை கொள்வோன் பெயர் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மூன்றாம் வேற்றுமையின் பொருளை விளக்கப் புகுந்த நம் இலக்கண ஆசிரியர்கள் கருத்தாவை இரு வகைப்படுத்தினர். கோயிலைத் தன் கையாற் கட்டும் தச்சன் இயற்றுதற் கருத்தா. கட்டுமாறு பணித்த அரசன் ஏவுதற் கருத்தா. இருவரையும் எழுவாயாக நிறுத்திக் 'கட்டினான்' என்றே முடித்தல் தமிழ் வழக்கு. கல் ஒன்றையும் சுமவாத அரசனைக் கட்டியவன் என்று கூறுதற்கு மொழி இடந்தருவதை நாம் மாணவர்க்குப் பன்முறை கற்பித்து வருகிறோம். அதன் மறுபக்கத்தை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஏவினவன் வினைக்கு உரியவன் ஆவானாயின், அவ்வினையால் விளையும் கடனுக்கும் அவனே உரியவனாதல் வேண்டும். வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்க வேண்டியவன் யார், அவன் கை முறிந்தால் ஈடு செய்ய வேண்டியவன் யார் என்னும் வினாக்கள் எழுந்தபோதெல்லாம், ஏவினவனைப் பெயர் சொல்லிச் சுட்டுதல் தமிழ் வழங்கும் நிலங்களில் எளிதாக இருந்ததில்லை. அவனுக்கு வழங்கிய பெயர்களின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டை நூல்களில் உழைப்பவரைக் குறிக்கும் சொற்கள் மிகப் பல. களமர், தொழுவர், வினைஞர் என வயலிலும் பட்டறையிலும் நின்றவர்க்கெல்லாம் பெயருண்டு. தொல்காப்பிய அகத்திணையியல் 'அடியோர்' என்றும் 'வினைவலர்' என்றும் இரு திறத்தாரை வேறுபிரித்து, அவரை ஐந்திணைக்குப் புறத்தே வைக்கிறது. உடைமையாகிப் போனவர் ஒருவர். பிறர் ஏவிய தொழிலைச் செய்பவர் மற்றொருவர் என்று உரையாளர் வழிநின்று பொருள் கொள்ளலாம். ஆனால் ஏவியவனுக்குத் தனிப்பெயர் ஆங்கு இல்லை. அவன் தலைவன், கிழவன், மன்னன் என்னும் பெயர்களுள் அடங்கிவிடுகிறான். திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்னும் 52 ஆம் அதிகாரம், ஆள் தேர்வது பற்றியும், தேர்ந்தவனிடத்தே வினையை விடுவது பற்றியும், அவன் நிலையை நாள்தோறும் அறிய வேண்டுவது பற்றியும் கூறும் அளவுக்கு நுட்பமானது. எனினும் அங்கும் வேலை கொள்பவன் அரசனே. வேலை கொள்ளுதல் ஆட்சியின் ஒரு கூறாகவே எண்ணப்பட்டமையின் அதற்கெனப் பெயர் வேண்டப்படவில்லை என்பது நம் கருத்து.

இங்கே ஒரு சொல்லைக் குறிப்பிடாமற் செல்ல மனமில்லை. குறளில் 'ஊதியம்' என்பது வணிகன் முதலிட்டுப் பெறும் பேற்றையும், பொதுவாக எய்தும் பயனையும் குறிப்பது. இன்று அச்சொல்லுக்கு மாதந்தோறும் தொழிலாளி பெறும் சம்பளம் என்பதே பொருள். முதல் உடையவனுக்குரிய சொல் உழைப்பவன் கைக்கு வந்து சேர்ந்தது. பொருள் கைமாறியதா என்பது வேறு செய்தி.

கல்வெட்டுக்களுக்கு வருவோமாயின் நிலைமை தெளிவடைகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் ஆட்சியின் 29 ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டொன்று, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் அவரோடு நட்டுவர், பாடுவார், கணக்கர், நாவிதர், தையற்காரர், தச்சர் முதலியோரையும் நிரல்பட வைத்து, இன்னார்க்கு இத்தனை பங்கு என்று வரையறுக்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுதோறும் நெல் நூறு கலம். அளக்கும் மரக்காலின் பெயர் 'ஆடவல்லான்'. அளவையின் பெயரையும் கல்லில் எழுதி வைத்தமை நோக்கத்தக்கது. கூலி பற்றிய பூசல்களிற் பாதி அளவை பற்றியனவே என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர். பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவருக்கு அணுக்கமான உறவினர் அவ்விடத்தை ஏற்பர். உறவினர் தொழிலறியாதவராயின் தகுதியுடையாரைத் தேர்ந்து செய்வித்து நெற்பெறுவர். உறவினரே இல்லையாயின் அதே தொழிலில் உள்ள ஏனையோர் கூடித் தக்காரைத் தேர்வர். ஆள் தேரும் உரிமை தொழில் செய்வார் கையில் இருந்தது என்பது இதனாற் போதரும். ஏவுதற் கருத்தாவாகிய அரசனின் பெயரும், அவன் கடனும், அளவையும் ஒரே கல்லில் உள்ளன.

இதனைக் கொண்டு சோழர் காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாட நாம் முன்வரவில்லை. கோயில்களுக்கு மக்கள் விற்கப்பட்ட செய்தியைக் கூறும் கல்வெட்டுக்களும் அக்காலத்தனவே. பங்கு கோயிலைச் சார்ந்த கலைஞர்க்கும் கைவினைஞர்க்கும் உரியதாயிருந்தது. அந்நெல்லை விளைத்தவர்க்கு அத்தகைய கல்வெட்டு இல்லை.

நெல் விளைத்தவர் ஏவினவனை அழைத்த பெயர் 'ஆண்டை'. இச்சொல் 'ஆள்' என்னும் அடியாகப் பிறந்தது. அவ்வடியே பெயராய் நின்று பண்ணையாள், வேலையாள் என ஏவப்பட்டவனையும் குறிக்கிறது. ஆள்பவனும் ஆளப்படுபவனும் ஒரே வேரிலிருந்து பிறந்து, ஒருவன் ஆண்டையாகவும் ஒருவன் ஆளாகவும் நின்ற விந்தை இது. அடிமை முறைக்குச் சட்டத்தின் துணை இல்லை என 1843 ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் கூறிய பின்னரும், கடனும் குடியிருப்பும் பண்ணையாளைப் பண்ணையோடு பிணித்து வைத்தன. கீழத் தஞ்சையில் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்ததும், 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் கட்டிய சங்கத்தின் கிளர்ச்சியால் அவை ஒழியத் தொடங்கியதும் வரலாறு. 1952 இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நீக்குதற்கும் அவன் கூலிக்கும் வரையறை ஏற்பட்டதும், பண்ணையாள் வைத்துக்கொள்ளும் வழக்கமே குறைந்து, அன்றன்று ஆள் பிடிக்கும் தினக்கூலி மிகுந்தது. கடமை ஒரு பெயரோடு ஒட்டிக்கொண்டவுடன் அப்பெயரைத் துறந்துவிடும் இவ்வியல்பைப் பின்னரும் காண்போம்.

அதே வட்டாரத்தில் 1960களில் நிலவுடைமையாளர் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக் கொண்டனர். அதற்கு அவர் இட்ட பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். விளைவிப்பவன் யார் என்னும் வினாவுக்கு இப்பெயரே ஒரு விடை. இலக்கணப்படி அதனைக் குற்றமென்று கூறவியலாது. அரசன் கோயில் கட்டினான் என்பது போல, ஏவினவன் நெல் விளைத்தான். ஆனால் நட்டவரும் அறுத்தவரும் கூலி நெல்லை உயர்த்திக் கேட்டபோது அவர்கள் வெளியாராயினர். அப்பூசலின் முடிவில் 1968 டிசம்பர் 25 ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். பெண்டிரும் குழந்தைகளுமே அவருட் பெரும்பாலோர். அடுத்த ஆண்டில் உழவுத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது.

இனி 'முதலாளி' என்னும் சொல். முதல் என்பது வேர், தொடக்கம், வட்டிக்கு அடியான பொருள் என்னும் பொருள்களை உடையது. 'ஆளி' என்பது உடைமை குறித்து வரும் ஈறு. கடனாளி, நோயாளி, பங்காளி என்னுமிடங்களில் அது ஆட்சிப்பொருளைத் தரவில்லை. கடனாளி கடனை ஆள்வதில்லை என்பது யாவரும் அறிந்ததே. எனவே முதலாளி என்பான் முதலை உடையவன். தொழிலாளி என்பான் தொழிலை உடையவன். ஆண்டை, ஆள் என்னும் இணையோடு ஒப்பிட்டு நோக்கின் இவ்விணையின் சிறப்புப் புலனாகும். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி நிற்கவில்லை. தென்பாண்டிச் சீமையிலும் இலங்கையிலும் சிறு கடைக்காரரைக்கூட வாடிக்கையாளர் 'முதலாளி' என்று விளிப்பதுண்டு. சிங்கள மொழியும் இச்சொல்லைத் தமிழிலிருந்து ஏற்று வணிகரைக் குறிக்க வழங்குகிறது. அச்சம் கலவாத சொல்லாக அது நெடுங்காலம் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலைகள் வந்தபோது இச்சொல்லுக்குப் புதிய சுமை ஏறியது. 1908 இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளை முன்னின்றார். 1918 ஏப்ரல் 27 இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது, பி. பி. வாடியா தலைவர். திரு. வி. கலியாணசுந்தரனார் தம் 'தேசபக்தன்', 'நவசக்தி' இதழ்களின் வாயிலாகத் தொழிலாளர் இயக்கத்துக்குத் தமிழ்நடை ஒன்றை வகுத்தளித்தார். 1923 மே முதல் நாளில் மே நாள் கொண்டாடிய ம. சிங்காரவேலர் 'தொழிலாளன்' என்னும் பெயரில் இதழ் நடத்தினார். இவர்கள் எழுத்தில் முதலாளி என்பது மூலதனம் உடைய வகுப்பையும் குறித்தது. கூலி கொடுக்கும் தனி ஒருவரையும் குறித்தது. மேனாட்டுப் பொருளியல் இருவேறு பெயரால் வழங்கிய இரண்டு கருத்துக்கள் தமிழில் ஒரு சொல்லுக்குள் அடங்கின.

இது சிறு குழப்பமன்று. அரசு வேலை கொள்கிறது. அரசை எவரும் முதலாளி என்பதில்லை. வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு பெண்ணை வைத்துக் கொள்ளும் குடும்பமும் வேலை கொள்கிறது. 'நாங்கள் என்ன முதலாளிகளா?' என்று அக்குடும்பம் கேட்கும். சொல்லின் பொருளை நோக்கின் அவ்வினாவிற் பிழையில்லை. முதல் இல்லாதவனும் ஏவுதற் கருத்தா ஆகலாம் என்பதை இச்சொல் மறைத்துவிட்டது.

மற்றொன்றும் உண்டு. முதலாளி, தொழிலாளி என்னும் இணையின் ஒப்புமை இலக்கணத்தளவில் நின்றது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் 1920 இல் வாடியா முதலியோர் மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டினர் என்று கூறித் தடையாணை பெற்றது. ஆலையும் கூலியாளும் சமநிலையில் நின்று ஒப்பந்தம் செய்துகொண்ட இருவர் எனவும், சங்கத்தார் இடையே புகுந்த அயலார் எனவும் அவ்வழக்கிற் கொள்ளப்பட்டது. 1921 இல் என். எம். ஜோஷி நடுவண் சட்டமன்றத்தில் சங்கங்களுக்குப் பாதுகாப்பு வேண்டித் தீர்மானம் கொணர்ந்ததற்கும், 1926 ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் இத்தகைய வழக்குகளிலிருந்து பதிவுபெற்ற சங்கங்களுக்கு விலக்களித்ததற்கும் பெரம்பூரில் நிகழ்ந்த இப்போராட்டம் ஒரு காரணம்.

கடல் கடந்து சென்ற தமிழரிடையே ஏவுதற் கருத்தா இன்னும் தொலைவிற் சென்று மறைந்தான். நன்னூலார் 'செய்வி' என்பதன்மேல் மீண்டும் ஏவல் விகுதி புணர்த்துச் 'செய்விப்பி' என வருவதை ஈரேவல் என்றார். ஒருவனைக் கொண்டு மற்றொருவனைச் செய்விக்குமாறு ஏவுதல் அது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் கங்காணி முறையை விளக்க இதனினும் பொருத்தமான இலக்கணம் கிடைப்பது அரிது. கண்காணி என்னும் சொல் பழங் கல்வெட்டுக்களில் மேற்பார்வையைக் குறித்தது. தோட்டத்தில் அது கங்காணி என மருவி, ஆள் சேர்த்தவன், கடன் கொடுத்தவன், வேலை வாங்கியவன், கூலியைத் தன் கைவழி பட்டுவாடா செய்தவன் என்னும் அத்தனையையும் குறிக்கலாயிற்று. தன் ஊரினின்றும் உறவினின்றும் ஆள் சேர்த்தவன் சில்லறைக் கங்காணி. அவனுக்கு மேல் பெரிய கங்காணி. அதற்கு மேல் கணக்கப்பிள்ளை, கண்டாக்கையா, துரை. காலையிற் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்தவனுக்குத் தெரிந்த எல்லை துரையோடு முடிந்தது. பல தோட்டங்களின் உடைமை இலண்டனில் பதிவுபெற்ற கம்பெனிகளிடம் இருந்தது. அக்கம்பெனிக்குத் தொழிலாளியின் மொழியில் பெயரே இல்லை. துரையும் சம்பளக்காரரே என்பதை அவன் அறிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

'துண்டு' என்னும் சீட்டு இம்முறையின் உயிர்நிலை. இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கத் தடையில்லை என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பது துண்டு. வேறு தோட்டம் அத்தொகையைக் கட்டிக் கங்காணியையும் அவன் ஆட்களையும் ஏற்றுக்கொள்ளும். புதிய தோட்டம் கட்டிய தொகை தொழிலாளியின் கடனாகவே தொடரும். வேலை கொள்வோன் மாறுகிறான், கடன் மாறுவதில்லை. துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927 இல் இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. தஞ்சையினின்று சென்ற கோ. நடேசய்யர் இலங்கையில் இதழ் நடத்திக் கங்காணி முறையின் கேடுகளை எழுதியும், 1931 இல் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சங்கம் அமைத்தும் பணியாற்றினார். அவர் பணியின் ஒரு கூறு, துரைக்கும் கங்காணிக்கும் அப்பால் நின்ற உடைமையாளரைத் தொழிலாளர் கண்முன் நிறுத்தியது என்று கொள்ளலாம். மலேயாவில் கங்காணி வழி ஆட்சேர்ப்பு 1938 இல் இந்திய அரசின் தடையால் முடிவுற்றது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைப் பயில்வார், அக்கதையில் இடைநின்றவரின் முகங்கள் தெளிவாகவும் உடைமையாளரின் முகம் தெரியாமலும் இருப்பதைக் காணலாம். அது கதையாசிரியர் கண்ட உண்மை என்றே நாம் மதிக்கிறோம்.

விடுதலைக்குப் பின் இவ்வினா நீதிமன்றங்களுக்குச் சென்றது. பீடித் தொழில் அதற்கு ஏற்ற களம். இலையும் புகையிலையும் ஓர் இடைத்தரகரிடம் வரும். பெண்கள் வீட்டிலிருந்து சுற்றுவர். சுற்றிய பீடியின்மேல் ஒட்டும் அடையாளச் சீட்டு வேறொருவருடையது. 1958 இல் சிந்தாமன் ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம், பீடி செய்வித்துக் கொடுத்த இடைநிலையாளர் தனி ஒப்பந்தக்காரர் என்றும் ஆலைக்காரரின் தொழிலாளர் அல்லர் என்றும் கொண்டது. வேலை செய்யும் முறையை மேற்பார்ப்பவன் எவனோ அவனே வேலை கொள்வோன் என்பது அக்கால அளவுகோல். அவ்வளவுகோலால் அளந்தால் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணுக்கு மேற்பார்ப்பவன் எவனுமில்லை. ஆகவே வேலை கொள்வோனும் இல்லை. 1966 ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளர் என்று வரையறுத்து, இடைத்தரகருக்குப் பின்னால் நிற்பவரை 'முதன்மை வேலையளிப்பவர்' என்னும் பொருளமைந்த பெயரால் சுட்டியது. அச்சட்டத்தை எதிர்த்து மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் தொடுத்த வழக்கில், 1974 இல் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்த்தது. 1978 இல் கோழிக்கோட்டுக் கயிற்று ஆலை ஒன்றைப் பற்றிய உசேன்பாய் வழக்கில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் மேலும் ஒருபடி சென்றார். தொழிலாளியின் பிழைப்பும் வேலையின் நீடிப்பும் யார் கையில் உள்ளனவோ அவரே வேலையளிப்பவர். இடையில் எத்தனை ஒப்பந்தக்காரரை நிறுத்தினும் அத்திரை விலக்கப்படும் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஈரேவலிலும் முதல் ஏவலே வினைக்கு உரியது என்று இலக்கணத்தின் வழி நாம் கூறக்கூடியதை அவர் சட்டத்தின் வழி கூறினார். பின்வந்த தீர்ப்புக்கள் யாவும் அவ்வழியே சென்றன என்று கூறுவதற்கில்லை.

இனி, அலுவலக வழக்கில் நிலைபெற்ற 'வேலையளிப்பவர்' என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கார்ல் மார்க்சின் 'மூலதனம்' முதற்றொகுதியின் மூன்றாம் செருமன் பதிப்புக்கு 1883 இல் எழுதிய முன்னுரையில் எங்கெல்சு, செருமன் பொருளியலார் வழங்கிய இரு சொற்களை எள்ளினார். காசு கொடுத்துப் பிறர் உழைப்பைப் பெற்றுக் கொள்பவனுக்கு 'உழைப்பு கொடுப்பவன்' என்றும், தன் உழைப்பைக் கொடுப்பவனுக்கு 'உழைப்பு பெறுபவன்' என்றும் அவர் பெயரிட்டிருந்தனர். கொடுப்பவனும் கொள்பவனும் இடம் மாறி நிற்பதை அவர் சுட்டிக் காட்டினார். நம் 'வேலையளிப்பவர்' அச்செருமன் சொல்லுக்கு உடன்பிறப்புப் போன்றது. அளித்தல் கொடைப்பொருளது, காத்தற்பொருளும் உடையது. அச்சொல்லைக் கேட்பவர் உள்ளத்தில் நன்றிக்கடன் வேலை பெற்றவன் தலைமேலேயே வந்தமரும்.

மக்கள் வழக்கு இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. 'வேலை கொடுத்தார்' என்பது ஒருநாட் செய்தி. 'வேலை வாங்குகிறார்' என்பது நாள்தோறும் நிகழ்வது. நன்றாக வேலை வாங்கத் தெரிந்தவர் என்று ஒரு மேற்பார்வையாளரைப் பற்றிக் கூறும்போது, வாங்குபவர் யார், கொடுப்பவர் யார் என்பதில் ஐயமில்லை. இலங்கைத் தமிழில் 'தொழில் கொள்வோர்', 'வேலை கொள்வோர்' என்னும் ஆட்சிகள் உண்டு. ஆயினும் அந்நாட்டுச் செய்தித்தாள்களில் தோட்டக் கூலிப் பேச்சு நிகழும்போதெல்லாம் 'முதலாளிமார் சம்மேளனம்' என்றே எழுதுவர். கொள்வோர் என்பதே செம்மையான சொல் என்பது நம் துணிபு. கொண்டவன் கொடுக்கக் கடவன் என்னும் கருத்து அச்சொல்லினுள்ளேயே கிடக்கிறது. கடை வைத்திருப்பவன் எவனும் அதை மறுக்கமாட்டான். கலைச்சொல்லாக்கக் குழுவினர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

அவர்கள் முன் இப்போது வேறொரு சொல்லும் வந்து நிற்கிறது. கைபேசிச் செயலி வழியாக உணவும் பொருளும் கொண்டு சேர்ப்போரையும் ஊர்தி ஓட்டுவோரையும் அந்நிறுவனங்கள் 'பார்ட்னர்' என்று அழைக்கின்றன. தமிழில் இது பங்காளி. தஞ்சைக் கல்வெட்டிற் பங்கு பெற்றவனுக்கு நூறு கலம் நெல்லும் அளக்கும் மரக்காலும் கல்லில் எழுதப்பட்டிருந்தன. இப்பங்காளிக்கு ஒரு நடைக்கு இத்தனை என்னும் வீதத்தை நிறுவனமே வகுக்கிறது, நிறுவனமே மாற்றுகிறது. 2020 இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இத்தொழிலாளரை மரபு வழிப்பட்ட வேலை கொள்வோர், வேலை செய்வோர் உறவுக்குப் புறத்தே உள்ளவர் என்று வரையறுத்தது. தொல்காப்பியர் வினைவலரைத் திணைக்குப் புறத்தே வைத்தது நம் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டரசு இவர்க்கென நலவாரியம் ஒன்றை 2023 இல் அமைத்தது. அந்நிறுவனங்களைக் குறிக்க அச்சட்டம் ஆளும் சொல் 'அக்ரிகேட்டர்'. தமிழில் அதனைத் திரட்டுநர் எனலாம். கங்காணி செய்ததும் ஆள் திரட்டலே.